சவேலியின் அப்பன் பேர்

14 மார்ச் 1971
ஸப்ருதா கிராமம், வோலக்தா

ரிம்மா அன்தோனவ்னா அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொண்டவன்தான் போன மாதம் செத்தான். நான் சவேலியின் அக்கா. ஒன்றுவிட்டதோ இரண்டுவிட்டதோ இல்லை, ஒரே வயிறு.

பால் பண்ணையில் சாணி வாரிக்கொண்டிருந்தபோது ரேடியோவில் சொன்னார்கள். மக்கள் கலைஞர், இயக்குநர், நடிகர் சவேலி இவானவிச் கோரின் காலமானார் என்று. கூட நின்ற பெண்கள், "ஐயோ, ஜெனரலா வருவாரே, அவரா" என்று கண்ணைத் துடைத்தார்கள். நான் வாரிக்கொண்டே இருந்தேன். சாணி யாருக்காகவும் காத்திருக்காது. வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டும்போதுதான் தீக்குச்சி ஒன்றொன்றாகக் கையிலேயே ஒடிந்தது. அவனைத் தூக்கி வளர்த்த கை. அதற்கு வெட்கம் கிடையாது.

பேப்பரில் கறுப்புக் கட்டம் கட்டிப் போட்டிருந்ததையும் படித்தேன். நான் பெரியவளான பிறகு எழுத்துப் படித்தவள், மெதுவாகத்தான் படிப்பேன். அநாதை இல்லத்தில் வளர்ந்தாராம். பெற்றவர்களை அறியாராம். பெற்றவர்களை அறியாத அந்தப் பிள்ளைக்கு நான் மூக்குச் சிந்திவிட்டிருக்கிறேன்.

படத்தில் நெஞ்சு நிறையப் பதக்கம். எங்கள் பண்ணையில் பரிசு வாங்கிய காளைக்குக்கூட அத்தனை குத்தியதில்லை.

நான் ஏன் எழுதுகிறேன் என்றால் கல்லுக்காக. மண் அமர ஒரு வருஷம் விட்டுத்தான் கல் நடுவார்கள். இன்னும் நேரம் இருக்கிறது. அந்தக் கல்லில் இவானவிச் என்று வெட்டாதீர்கள். எங்கள் அப்பா பேர் இவான் இல்லை. அந்த இவானை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. சவ்கா, வீட்டில் அவனை அப்படித்தான் கூப்பிடுவோம், எங்கேயிருந்தோ பிடித்து ஒட்டிக்கொண்ட பேர் அது.

உங்களை எல்லாரும் ரிம்மா அன்தோனவ்னா என்று கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு தடவை நீங்கள் திரும்பிப் பார்க்கும்போதும் உங்கள் அப்பா அன்தோன் ஒரு நிமிஷம் உயிரோடு இருக்கிறார். எங்கள் அப்பாவுக்கு அது இல்லை. அவருக்குக் கல்லும் இல்லை. எந்த மண்ணில் கிடக்கிறார் என்றே தெரியாது. மகன் பேரை ஒட்டிக்கொண்டு ஒரு கல்லிலாவது அவர் பேர் இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்தப் பேரை இதில் எழுதவில்லை. நாற்பது வருஷமாக வாய்க்குள் வைத்துப் பூட்டிய பேர். நீங்கள் எப்படிப்பட்டவரென்று எனக்குத் தெரியாது. வெட்டுகிறேன் என்று சொல்லுங்கள், எழுதி அனுப்புகிறேன்.

உங்கள் விலாசம் தெரியாது. மாஸ்கோ, சினிமாக்காரர்கள் சங்கம், நடிகை ரிம்மா என்று போட்டிருக்கிறேன். சேர்ந்தால் சேரட்டும்.

அவனுக்காகக் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் குழிக்கு நான் ஒரு பிடி மண்ணும் போட மாட்டேன்.

உஸ்தீன்யா பஹோமவா


2 ஏப்ரல் 1971
மாஸ்கோ

தோழர் பஹோமவா,

உங்கள் கடிதம் சங்க அலுவலகத்தில் பல மேசைகளைச் சுற்றி, பலரைச் சிரிக்கவைத்துவிட்டு என்னிடம் வந்தது. சாணியும் காளையும் அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டன.

ஒரு பிரபலமானவர் இறந்தால் அவருக்கு உறவினர்கள் முளைக்கிறார்கள், மழைக்குப் பின் காளான் போல. ஒதேஸாவிலிருந்து ஒருவர் தாம் அவருடைய மகன் என்கிறார். மூக்கு மட்டும் பொருந்தவில்லை. இன்னொரு அம்மாள் என் கணவருக்குத் தாய்ப்பால் கொடுத்தாராம். விசாரித்தால் அவரைவிட வயதில் இளையவர். அந்த வரிசையில் நீங்கள் ஒரு அக்கா. உங்களிடம் பெயர்கூட இல்லை, அதை ரகசியம் என்கிறீர்கள். இதுவரை வந்த கதைகளில் இது கொஞ்சம் சுவாரசியமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் கணவருடைய வாழ்க்கை நாடறிந்தது. அநாதை இல்லத்திலிருந்து தொழிற்சாலை, தொழிற்சாலை நாடகக் குழுவிலிருந்து திரை. டிராக்டரோடு ஏரியில் விழும் கோமாளியாக முதலில் வந்தார். பிறகு தாமே இயக்கி, தாமே வில்லனாக நடித்த மாவுமில் படம். போர்க்காலத்தில், ஸ்டுடியோக்கள் இடம்பெயர்ந்திருந்த அல்மா-அத்தாவின் ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே, படத்தில் ஜெனரலாக நின்று ஜெர்மானியரை விரட்டினார். அதன்பின் கோதுமை வயலில் பெண்கள் பாடிக்கொண்டே நடக்கும் வண்ணப் படங்கள், பரிசுகள், திரைப்பள்ளியில் பேராசிரியர் நாற்காலி. அவருடைய மூன்றாவது மனைவி நான். முதல் இருவரையும் எனக்குத் தெரியும். எங்களுக்குள் மரியாதை இல்லாவிட்டாலும் பேச்சு உண்டு. எங்கள் மூவரில் ஒருவரிடமும் அவர் அக்கா என்ற சொல்லை உச்சரித்ததில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், நான் ஏன் இந்தப் பெயர் விஷயத்தில் பிடிவாதமாக இருக்கிறேன் என்று உங்களுக்குப் புரிவதற்காக. மூளையில் ரத்தம் கசிந்து மருத்துவமனையில் கிடந்தபோது அவருக்கு எதுவும் நினைவில் இல்லை. என்னை முதல் மனைவியின் பெயரால் கூப்பிட்டார். கடைசியில் தன் பெயரே தப்பிவிட்டது. புதிதாக வந்த நர்ஸ் கேட்டதற்கு, சவேலி பியோதரவிச் என்றார். அவள் கட்டிலில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு மறுபடி கேட்டாள். மறுபடியும் அதையே, மேடையில் சொல்வதுபோல் நிறுத்தி, தெளிவாகச் சொன்னார். அந்த பியோதர் எங்கிருந்து வந்தானோ. "இவானவிச்தாம்மா, அவருக்கு நினைவு தடுமாறுது" என்று நான்தான் திருத்த வேண்டியிருந்தது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு யாரிடமும் பேசவில்லை.

தன் பெயரைத் தானே காக்க முடியாமல் போன மனிதரின் பெயரை நானாவது ஒழுங்காகக் காக்க வேண்டும். அதில் யாருடைய அப்பாவையும் கொண்டுவந்து ஒட்ட விடமாட்டேன்.

கல்லைச் சங்கம் செய்கிறது. கறுப்பு கிரானைட், மேலே வெண்கலத்தில் அவருடைய தலை. இனி எழுத வேண்டாம்.

ரிம்மா கோரினா


20 ஏப்ரல் 1971
ஸப்ருதா

ரிம்மா அன்தோனவ்னா,

உங்கள் கடிதத்தை வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தேன். காளானுக்கும் மூக்குக்கும் விரல் நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது. நர்ஸ் வந்த இடத்தில் நின்றுவிட்டது.

நான் உங்களுக்கு அந்தப் பேரை எழுதவில்லை. நீங்கள்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

எங்கள் அப்பா பேர் பியோதர். பியோதர் கொலபானவ். கோரின் என்பதும் சவ்கா ஒட்டிக்கொண்டதுதான், அதை அவனே வைத்துக்கொள்ளட்டும்.

நாற்பது வருஷம் கழித்து அந்தப் பேர் அவன் வாய்க்கு வந்திருக்கிறது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. நீங்கள் பக்கத்தில் நின்று திருத்தியிருக்கிறீர்கள். உங்களைத் திட்ட வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். திட்டு வரவில்லை. தெரியாத மனுஷியை என்ன திட்டுவது. உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தானே, அவனைத்தான் திட்ட வேண்டும். அவனும் போய்விட்டான்.

சொல்கிறேன், கேளுங்கள்.

எங்களுக்கு ஒரு தண்ணீர் மில் இருந்தது. ஒற்றைச் சக்கரம். மாவரைக்கிற கல் தேயத் தேய அதைக் கொத்திக் கூராக்க வேண்டும். அப்பா ஒரு பக்கம், நானும் சவ்காவும் ஒரு பக்கம் உட்கார்ந்து கொத்துவோம். அவன் கொத்தினால் கல்லுக்கு வலிக்காது. "இவன் கல்ல கொத்தலடி, தடவிக் குடுக்கறான்" என்பார் அப்பா. அந்த ஒற்றைச் சக்கரத்துக்காக எங்களைப் பணக்காரக் குடியானவர்கள் என்று பட்டியலில் எழுதினார்கள். முப்பதாம் வருஷம் பனிக்காலத்தில் அப்பாவைச் சறுக்குவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வீடும் போனது. குளியல் குடிசையில் கிடந்ததால் கொத்துச் சுத்தி மட்டும் மிஞ்சியது. நானும் அம்மாவும் அந்தக் குடிசையிலேயே குடியிருந்தோம்.

சவ்கா அப்போது மாஸ்கோவில் தொழிற்சாலையில் இருந்தான். வசந்தத்தில் பேப்பர் வந்தது. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாசித்தார்கள். வர்க்க எதிரியான என் தகப்பன் பியோதரோடு எனக்கு இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று சவேலி போட்டிருந்தான். அந்தக் காலத்தில் நிறையப் பிள்ளைகள் அப்படிப் பேப்பரிலேயே அப்பனைத் தலைமுழுகினார்கள். அதைக்கூட நான் விட்டுவிட்டேன். பயந்தவன் ஓடுவான். முயலைப் போய் ஏன் ஓடினாய் என்று யாராவது கேட்பார்களா?

ஆனால் அந்த மாவுமில் படம். அதற்கு அவனை யார் கழுத்தில் கத்தி வைத்தார்கள்? தானியத்தைப் பதுக்கி, மில்லுக்குத் தீ வைக்கிற அயோக்கியனாக அவனே நின்றான். அப்பாவின் தொப்பி. அப்பாவின் நொண்டல். ரொட்டியை மார்போடு அணைத்து, கத்தியைத் தன் பக்கம் இழுத்து நறுக்குவாரே, அது. நறுக்கிய பிறகு விரலை நாக்கில் நனைத்து மேசையில் விழுந்த துணுக்கை ஒற்றி எடுத்துத் தின்பாரே, அதுகூட. பெரிய நடிப்பு என்று மாஸ்கோவில் பரிசு கொடுத்தீர்கள். எங்கள் ஊரில் அதற்குப் பேர் திருட்டு. அப்பாவிடமிருந்து வீட்டை எடுத்தவர்கள் வீட்டைத்தான் எடுத்தார்கள். இவன் நடையைக்கூட விடவில்லை.

மாதாகோவிலாக இருந்து ஊர் மன்றமாக ஆன இடத்தில்தான் படம் போட்டார்கள். ஊர் மொத்தமும் வந்தது. திரையில் அவன் வந்ததும் எல்லாரும் பெஞ்சிலிருந்து எக்கிப் பார்த்தார்கள். அப்புறம் எகோர் என்கிற குதிரைக்காரன், "ஏய், நம்ம பியோதர் சாகலடா. சினிமால உக்காந்து ரொட்டி தின்னுட்டு இருக்கான்" என்றான். சிரிப்பு கூரையில் முட்டியது. நான் அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே வந்து ரொம்ப தூரம் நடந்த பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"இளைச்சுப் போயிட்டாரு."

அதற்குப் பிறகு அந்தப் படம் எந்த ஊருக்கு வந்தாலும் அம்மா போவாள். பனியில் நடந்து போவாள். எங்கள் எல்லாரையும் காறித் துப்புகிற படத்துக்கு என் அம்மா தலைவாரி, நல்ல துணி கட்டிக்கொண்டு போவாள். கடைசி ரீல் வருவதற்குள் எழுந்து வந்துவிடுவாள். ஏன் என்று கேட்டால், "அப்புறம் நடந்தது எனக்குத் தெரியும்" என்பாள். சவ்காவைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. திரையில் அவள் மகனைப் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

போர்க்காலத்தில் அம்மா போனாள். பஹோமவா என்ற பேரை எனக்குத் தந்த என் வீட்டுக்காரரும் அந்த வருஷம்தான் போர்முனையில் போனார். அம்மாவுக்கு நான் சிலுவை நட்டேன். "அவருக்கு ஒரு கல்லு இல்லையே உஸ்த்யா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், அதுதான் எனக்குள் கிடக்கிறது.

இப்போது பேர் உங்களுக்குத் தெரியும். அவன் வாயால் சொன்னதையே வெட்டுங்கள். நான் சொன்னதாக வேண்டாம்.

உஸ்தீன்யா, பியோதரின் மகள்


9 பிப்ரவரி 1972
மாஸ்கோ

உஸ்தீன்யா பியோதரவ்னா அவர்களுக்கு,

உங்களுக்கு இவ்வளவு காலம் பதில் எழுதவில்லை. முதலில் கோபம். அப்புறம், கெட்டிக்காரி, நான் கொடுத்த பெயரையே பிடித்துக்கொண்டு கதை கட்டுகிறாள் என்று நினைத்துச் சமாதானமானேன். அந்தச் சமாதானம் ஒரு காலைச் சாப்பாட்டு நேரத்தில் போய்விட்டது. ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் ரொட்டியை மார்பில் அணைத்துத்தான் நறுக்குவார். மேசையில் வெளிநாட்டு விருந்தினர்கள் இருந்தாலும் அப்படித்தான். துணுக்குகளை விரலால் ஒற்றியும் தின்பார். பட்டிக்காட்டான் மாதிரி என்று நான் சொல்வேன். "அநாதை இல்லத்துப் பழக்கம், விடு" என்பார். நான் எத்தனையோ பேர் முன்னால் இதைக் கேலி செய்திருக்கிறேன். அவரும் கூடச் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

நீங்கள் அவரை வெறுப்பதில் உங்களுக்குத் துணை நான். அவருடைய ஜெனரலை என்னால் பார்க்க முடியாது. தொப்பைக்குக் கீழே இடுப்புப் பட்டை. கோதுமைப் படங்களில் கோதுமை மட்டும்தான் நன்றாக நடித்தது. அழ வேண்டிய காட்சி என்றால் கைக்குட்டைக்குள் வெங்காயம். படமெடுக்கும் இடத்தில் தகர ஊதுகுழலை வைத்துக்கொண்டு மற்றவர்களை அழச்சொல்லிக் கத்துவார். மொத்த வாழ்க்கையில் ஒரே ஒரு நல்ல வேடம், அந்த மில்காரன். அது எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மாணவர்கள் அதைப் புகழ்ந்தால் முகம் கறுத்துவிடும். தொலைக்காட்சியில் வந்தால் அணைத்துவிடுவார்.

அந்தப் படத்தின் காமிராக்காரர் இன்னும் இருக்கிறார். போய்க் கேட்டேன். அந்தப் படத்துக்கு வெங்காயம் வாங்கவில்லை என்றார். மில்காரனைச் சறுக்குவண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற காட்சிதான் கடைசி ரீலில் முதலில் வருவதாம். எடுத்து முடித்து, குதிரையை அவிழ்த்து, விளக்கெல்லாம் அணைத்த பிறகும் அவர் அந்த வண்டியைவிட்டு இறங்கவில்லையாம். அப்படியே உட்கார்ந்திருந்தாராம். இதை அவருக்கு ஆதரவாகச் சொல்லவில்லை. மறுநாள் வந்து, மில்காரனைச் சுடுகிற காட்சியையும் எடுத்து, படத்தை வெட்டி ஒட்டி முடித்தவர் அவர்தானே.

சங்கத் தலைவரிடம் போனேன். கலைக்களஞ்சியத்தில் இவானவிச் என்று அச்சாகிவிட்டது என்றார். "செத்தவருக்கு அப்பாவ மாத்த முடியாதும்மா" என்றார். உயிரோடு இருந்தபோது மாற்றிக்கொண்டாரே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் இன்னும் நடித்துக்கொண்டிருப்பவள். வேடம் கொடுப்பவர்கள் அந்த மேசைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் கல்தச்சரிடம் நானே போனேன். சினிமா போஸ்டரில் யாருக்கும் அப்பா பெயர் போடுவதில்லை, அதுபோலவே இருக்கட்டும், அதுதான் நவீனம் என்று சொன்னேன். அவர் கேள்வி கேட்கவில்லை. கல்லில் சவேலி கோரின் என்று மட்டும் இருக்கும். பியோதர் இல்லை. ஆனால் இவானும் இல்லை.

என் துணிச்சல் அவ்வளவுதான். கேவலம்தான். நீங்கள் எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

அந்த நர்ஸ் இரண்டாவது முறை கேட்டபோது அவர் என்னைத்தான் பார்த்தார். நான் ஆமாம் என்று சொல்வேன் என்று பார்த்திருக்கிறார்.

ஏப்ரல் கடைசியில் கல் நடுகிறார்கள். வந்தால் என் வீட்டில் தங்கலாம்.

ரிம்மா


11 மே 1972
ஸப்ருதா

தம்பி பெண்டாட்டி ரிம்மாவுக்கு,

இனி நீ என்றே எழுதுகிறேன். வயதில் சின்னவள், அதோடு எனக்கு நீங்கள் நீங்கள் என்று எழுதக் கை வலிக்கிறது.

கேவலம் என்று நீயே எழுதிவிட்டாய், நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பயந்தவளை என்ன சொல்ல. இவானை எடுத்தாயே, அது போதும் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் போதாது என்று தோன்றியது.

வந்தேன். மாஸ்கோவுக்கு. மே தினக் கூட்டம் கலைந்த மறுநாள். உன் வீட்டுக்கு வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. உன் வீட்டுச் சுவரெல்லாம் அவன் படம் மாட்டியிருக்கும். கல்லறையில் ஒரு தலை போதாதா?

அந்தத் தலையை நன்றாகச் செய்திருக்கிறார்கள். அவனை மாதிரியே இல்லை. ரோமாபுரி ராஜா மாதிரி இருக்கிறான். சின்ன வயசில் காது இரண்டும் விடைத்துக்கொண்டு நிற்கும், அதைக் காணோம். காதையும் தலைமுழுகிவிட்டான் போல.

முன்பக்கம் பூ வைத்திருந்தார்கள். நான் பின்பக்கம் போய் உட்கார்ந்தேன். பையில் அப்பாவின் கொத்துச் சுத்தி இருந்தது. கிரானைட் பொல்லாத கல். அதற்கு முன்னால் எங்கள் மில் கல் வெண்ணெய். காலையில் ஆரம்பித்தேன். காவல்காரன் வந்து நின்றான்.

"யாரும்மா நீ? கல்ல ஏன் கொத்தற?"

"தேஞ்சுபோச்சு. கொத்தாட்டி மாவு அரையாது."

கிழவிக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பான். சுற்றி வந்து முன்பக்கம் பேரைப் படித்தான். இவர் யார் உனக்கு என்று கேட்டான். தம்பி என்றேன். அந்த மாவுமில் படம் ஊருக்கு வந்த முப்பத்து எட்டாம் வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை நான் வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை. அவனுக்கு என்ன தோன்றியதோ, அவன் அப்பாவை எங்கே கொண்டுபோய்ப் புதைத்தார்களோ, தெரியாது. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனவன் அப்புறம் திரும்பி வரவில்லை. வேறு யாரையும் வரவும் விடவில்லை.

பியோதர் கொலபானவ், மில்காரர் என்று கொத்தியிருக்கிறேன். கோணலாக இருக்கும், நான் படித்தவள் இல்லை. வருஷம் போடவில்லை, செத்த வருஷம் யாருக்குத் தெரியும்? உங்கள் சங்கத்துக்காரர்கள் கல்லின் பின்பக்கம் வந்து பார்க்கிற ஆட்கள் இல்லை. நீ போய்ப் பார். பார்த்துவிட்டு யாரிடமும் சொல்ல வேண்டாம். உனக்கு வேடம் கிடைக்கட்டும்.

அவனுக்காகச் செய்யவில்லை. அப்பாவுக்கு ஒரு கல் கிடைத்தது, அதன் மறுபக்கத்தில் அவன் இருக்கிறான், அவ்வளவுதான். ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்க வேண்டியதில்லை. முதுகு முட்டிக்கொண்டு இருக்கட்டும்.

முடிந்ததும் ரொட்டி எடுத்து, மார்போடு வைத்து நறுக்கித் தின்றேன். துணுக்குகளை ஒற்றி எடுக்கவில்லை. குருவிக்கு விட்டுவிட்டேன்.

சொன்னது சொன்னதுதான், மண் போடவில்லை. கொத்தியபோது தெறித்த கல்தூள் மட்டும் குழி மேல் படிந்திருந்தது, மில் தரையில் மாவு படிகிற மாதிரி. அதை நான் தட்டிவிடவில்லை.

உஸ்தீன்யா பியோதரவ்னா